ட்ரம்முக்குள் கிடந்த உன் ஜாக்கெட்

மச்சான்,

இன்று காலை உன் பெரிய ட்ரம்மின் தோலைக் கழற்றினேன். உள்ளே உன் குளிர் ஜாக்கெட். இழுத்து எடுத்தவுடன் சிகரெட்டும் ஈரக் கம்பளியும் கலந்த உன் வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

உன் மகள்தான் கேட்டாள். “அப்பான்ர ஜாக்கெட் உங்களிட்டையோ மாமா? எனக்கு வேணும்.” எப்படி மறுப்பது? ஆனால் நாம் பதிந்துகொண்டிருந்த இசைத்தட்டில் இன்னும் ஒரு பாட்டு மிச்சமிருந்தது.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் ரெகே இசைக்குழுவைக் கூப்பிடாத மண்டபம் இல்லை என்றிருந்தது போய், ஆளில்லாத கதிரைகளுக்கு வாசிக்கும் காலம் வந்தது. இளசுகள் வேறு பாட்டுகளைக் கணினியில் இறக்கிக் கேட்டார்கள். கடைசியாக ஒரு நல்ல இசைத்தட்டு பதிவோம் என்றார் ஜமேக்காக்காரரான நம் பாடகர் வின்ஸ்டன். நான்தான் பதறினேன். ட்ரம்முக்குப் பதிலாகத் தாளம் அடிக்கும் மெஷினை வைத்தால்தான் இளசுகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

நீ கோபிக்கவில்லை. “மெஷின் நல்லாத்தான் அடிக்கும். ஆனா ஆருக்காகவும் நிக்காது.”

அது எனக்கு விழுந்த குத்து. ரெகேயின் நாலு தட்டுத் தாளத்தில் முதல் தட்டு வெறுமையாகக் கிடக்கும். உன் பெரிய அடி மூன்றாவதில்தான் விழும். அதற்குள் என் கிட்டார் முந்திக்கொண்டு ஓடும். “ஓடாதை, நான் வாறன் தானே” என்பாய்.

நாம் பாட்டுப் பதிந்த செயின்ட்-மிஷேல் நிலவறையில் ட்ரம் கும்மென்று அதிர்ந்தபோது, போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி உள்ளே திணித்தாய். சத்தம் அழகாக அடங்கியது. பிறகு எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாய். இரண்டு சுவெட்டரோடு பனிக்குள் மெட்ரோவுக்கு நடந்தாய்.

“உனக்கென்ன விசரோ?”

“எடுத்தா பேந்து இந்தச் சத்தம் வராது. எல்லாப் பாட்டும் முடியட்டும்.”

முடியவில்லை. அதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

ஜாக்கெட் இல்லாத ட்ரம்மில் வேறு ஆளை இருத்த எனக்கு மனமில்லை. அதனால் இன்று பின்னேரம் கடைசிப் பாட்டுக்கு மெஷினைத்தான் வைத்தோம். நானே கேட்ட மெஷின். பார்க்க எரிச்சலாக வந்தது. வாசிக்கத் தொடங்கியதும் வின்ஸ்டன் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் பிந்துகிறேனாம். இத்தனை வருடத்தில் முதல் தடவை. சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திரும்ப வாசித்தேன். திரும்பவும் பிந்தினேன். அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஜாக்கெட்டை உன் மகளிடம் கொடுத்துவிட்டேன். வாசலிலேயே போட்டுக்கொண்டாள், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எனக்கு மிஞ்சியது இந்தப் பிந்தல்தான். முதல் தட்டு வெறுமையாக வரும்போது கை ஓடப் பார்க்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. வாறன் என்று நீதானே சொன்னாய்.