மருந்து தின்ற எலி

ஜூலை 15, செவ்வாய்

மாம்புரித் தோட்டத்தில் நேற்று எலி மருந்து வைத்தவன் நானேதான். எலிகள் கச்சான் கடலைப் பாத்திகளைக் கிண்டி நாசமாக்குகின்றன என்ற கோபம். காவலுக்கு நிற்கும் நாயைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

இன்று காலை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய எலி தள்ளாடி வெளியே வந்தது. நாய் பாய்ந்து கழுத்தில் கவ்வி இரண்டு உதறு உதறியது. எலி செத்தது. யாரும் பழக்காத வேலை. எப்போதும் போல அதைக் காட்ட என்னிடம்தான் ஓடிவந்தது. பிறகு விழுங்கத் தொடங்கியது. வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்கினேன். பாதி போய்விட்டிருந்தது.

மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்தி, அணைத்துப் பிடித்தபடியே பாலாவிக்குக் கொண்டுபோனேன். மிருக வைத்தியர் ஊசி போட்டார்.

"மூணு நாள் பாருங்க. வாய்க்குள்ள பல்லு முரசு வெளுத்தா உடனே கொண்டாங்க."

நாயோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்து மிச்ச மருந்தையெல்லாம் பொறுக்கிப் புதைத்தேன். நாயின் எச்சில் பட்ட கை என்பதால், வீட்டில் மார்க்க முறைப்படி மண் போட்டு ஏழு தரம் கழுவினேன். மனைவி ஸரீனா பார்த்துக்கொண்டு நின்றாள். நாயைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவள்.

"நாயத் தொட்டீங்களா?"

"ஓம். நான் வச்ச மருந்துதான், ஸரீனா."



அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போய் நாயைப் பார்த்தேன். கஞ்சி குடித்தது, வாலை ஆட்டியது. பல்லைச் சுற்றிய முரசு சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னும் இரண்டு நாள்.

இதை எழுதும்போது ஸரீனா வந்து சொல்கிறாள்: "விடிய சுபஹு தொழுதுட்டு தோட்டத்துக்குப் போகக்குள்ள என்னயும் கூட்டிக்கிட்டுப் போங்க. அதுக்குக் கொஞ்சம் மீன் அவிச்சு வச்சிருக்கேன்."