உப்புத் தண்ணீர் ஊசி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உத்தனப்பள்ளியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அழைத்துப் போக வர வேண்டாம்.

என் சிறுநீர்ப்பை வலிக்குப் புது ஊசியைச் சோதிக்கும் ஓசூர் டாக்டர், ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர் போடுகிறாராம். நேற்று நர்ஸ் கிருபாராணி அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, உங்களுக்குத் தண்ணி ஊசி போடச் சொன்னதே உங்க வீட்டுக்காரருதான். அதுலயே வலி கொறையுதாம், அப்ப நடிப்புதான்னு டாக்டர்கிட்ட சொன்னாரு."

ஊசி போட்டுத் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி கொறஞ்சிச்சா?" என்று கேட்பீர்கள். கம்பெனிக்கு லீவு போட்டு வந்த மனுஷன் முகம் வாடக் கூடாதே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சம் பரவால்லீங்க" என்பேன்.

நான் நடித்தது அது ஒன்றுதான். நீங்கள் நம்பியதும் அதை மட்டும்தான்.

இப்படிக்கு,
வலி குறையாதவள்