நிலமும் ஆசனந்தானே

நண்பரே,

இன்று மாலை அச்சுவேலிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு குடிலில் புகையிலைக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப் பொச்சு மூட்டத்தின் அந்தக் காரப்புகை தெருவரைக்கும் வந்து மூக்கில் ஏறியது. கூட வந்தவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று சிரித்தேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பொச்சுப் புகை மணந்தால் எனக்குப் பள்ளிக்கூட வாங்குதான் நினைவுக்கு வரும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்ள இருந்தவர் நீர் ஒருவர்தான். நீர் போய் ஒரு மாதம் ஆகிறது.

ஆகவே உமக்கே எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்த காலத்திலும் பதில் எழுதுவதில் நீர் மகா சோம்பேறிதானே.

நாங்கள் படிப்பித்த பள்ளிக்கூடம் ஒரு நீளமான ஓலைக்கூரை மண்டபம். ஒரு பக்கம் உம்முடைய ஐந்தாம் வகுப்பு, மறுபக்கம் என்னுடைய நாலாம் வகுப்பு, நடுவில் ஒரு தட்டி. உம்முடைய குரலுக்கு அந்தத் தட்டி ஒரு பொருட்டே அல்ல. வல்வெட்டித்துறைக் கடலில் தோணிக்குத் தோணி கூப்பிட்டுப் பழகிய வம்சம் என்று நான் பகிடி பண்ணுவேன். என்னுடைய இணுவில் ஊரார் வாய்க்குள்ளேயே கதைத்து வாய்க்குள்ளேயே விழுங்குகிறவர்கள் என்று நீர் திருப்பித் தருவீர். காணி பள்ளிக்கூடத்தை நடத்திய மனேச்சருடையது, மண்டபமும் அவர் கட்டியது. எங்கள் சம்பளம் மட்டும் அரசாங்கத்தின் உதவிப்பணத்திலிருந்து வந்தது. அதையும் தன் மடியிலிருந்தே எடுத்துத் தருவதுபோலத்தான் அந்த மனிதர் தருவார்.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் நீளப்பலகை வாங்கில் இருப்பார்கள். பனை ஏறுகிறவர்களுடைய பிள்ளைகளும் தோட்டக் கூலிகளுடைய பிள்ளைகளும் கதவோரமாக நிலத்தில் இருப்பார்கள். அவர்களைச் சேர்த்ததே பெரிய தருமம் என்பது ஊர்ப்பேச்சு. அந்தக் கதவோரத்தில்தான் வேலன் இருந்தான். வாங்கில் இருப்பவர்கள் சிலேட்டை எடுப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுவான். ஆனால் அவனுடைய சிலேட்டை வாங்கி நேரே பார்க்க ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். அவன் அதை நிலத்தில் வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். நீர் மட்டுந்தான் அவன் கையிலிருந்தே வாங்கிப் பார்த்தீர். அதைப் பற்றி மனேச்சரிடம் கோள் போனதும் எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. உதவிப்பணம் பெறுகிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும், கொடாவிட்டால் பணம் நிற்கும் என்று அதில் இருந்தது. நல்ல மனிதர்கள் சிலர் மாதக் கணக்காகக் கூடியிருந்து கதைத்து, ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை பிடித்துத்தான் அதை முடித்திருப்பார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. பிறகு அதைத் தமிழாக்கும்படி யாரோ ஒரு பண்டிதரிடம் கொடுத்திருப்பார்கள். வாங்கு என்பது பறங்கியர் விட்டுப்போன சொல் அல்லவா? அந்தப் பண்டிதருக்கு அதை அரசாங்கக் கடதாசியில் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். ஆசனம் என்று எழுதி, தமிழைக் காப்பாற்றிவிட்டார்.

நான் அந்தக் கடதாசியைப் படித்துவிட்டு, ஒருவழியாக நியாயம் பிறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நீர் அதை இரண்டுதரம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தீர்.

"உவர் வாங்கு எண்டு எழுதியிருந்தால் மனேச்சர் வாங்குதான் போட வேணும். ஆசனம் எண்டு எழுதிப்போட்டார். இனி இருந்து பாரும்" என்றீர்.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் வரும்போது மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு வாங்கு இல்லை. எல்லாவற்றையும் மனேச்சர் தன்னுடைய புகையிலைக் குடிலுக்குள் அடுக்கிவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி, எங்களைப் பார்த்துச் சிரித்தார். "சம ஆசனந்தானே கேட்டவை? நிலமும் ஆசனந்தானே. எல்லாரும் சமனா இருக்கட்டும்."

ஒரு சட்டத்தை மீறுகிறவனைப் பிடிக்கலாம். அதற்குக் கீழ்ப்படிந்தே அதைக் கொல்லுகிறவனை எப்படிப் பிடிப்பது? மனேச்சர் ஒரு எழுத்தையும் மீறவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகள் மறுநாளே வீட்டிலிருந்து ஆளுக்கொரு தடுக்குக் கொண்டுவந்தார்கள். பனையோலையில் பின்னிய சின்னத் தடுக்கு. அவர்கள் தடுக்கில், மற்றவர்கள் வெறும் மண்ணில். வேலன் இருந்த இடம் அதே கதவோரம். கொழும்பிலிருந்து புறப்பட்ட நியாயம் இத்தனை தூரம் வந்து, கடைசியில் ஒரு ஓலைத் தடுக்கிலே முடிந்துபோயிற்று.

நீர் சத்தம் போடுவீர் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மெல்ல எழும்பி, உம்முடைய கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்துவிட்டு வந்து, சலவை வேட்டியோடு வேலனுக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் சம்மணம் கொட்டினீர். பாடம் அப்படியே நடந்தது. வாத்தியார் மண்ணில் இருக்கத் தாங்கள் தடுக்கில் இருப்பது பிள்ளைகளுக்கே ஒருமாதிரிப் போய்விட்டது. வார முடிவுக்குள் தடுக்குகள் ஒன்றொன்றாக மறைந்தன. வேட்டியில் நிலத்துச் சாணிக்கறை போகவில்லை என்று உம்முடைய மனைவி வீட்டு வேலியால் எட்டிப் பார்த்து என்னைத்தான் ஏசினார். அவருக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. இந்த வேளையில் வேலைக்கு உலை வைக்க வேண்டாம் என்று உமக்குச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். நீர் கேட்டீரா? கேட்கிற ஆளா நீர்? கடைசியில் நானும் கதிரையை வெளியே போட்டேன். என் முதுகு என்ன பாடுபட்டது என்பதை நீர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் வித்தியாதரிசி வருகிற நாளில் தங்கியிருந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டுப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிறவர் அவர். நிலத்தில் எல்லாரும் இருப்பதைக் கண்டு, சமந்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால், அதோடு அந்த வாங்குகள் திரும்பி வராது. வேலனுடைய பரம்பரைக்கே அந்த மண்டபத்தில் நிலந்தான் என்று முத்திரை குத்தியாயிற்று.

அவர் வந்தார். கோட்டும் காற்சட்டையும், நல்ல மினுக்கிய சப்பாத்தும். உள்ளே வந்து சுற்றும்முற்றும் கதிரை தேடினார். மனேச்சர் பதறிப்போய்த் தன் வீட்டிலிருந்து கதிரை எடுத்துவர ஆள் அனுப்பப் போனார். நீர் இருந்த இடத்திலிருந்தே, மிக மரியாதையாக, அந்த மண்டபம் முழுதும் கேட்கும்படி சொன்னீர்.

"வேண்டாம் ஐயா. இஞ்சை சம ஆசனம். ஒரு கதிரை உள்ளுக்கு வந்தால் சட்டம் முறிஞ்சுபோம். உங்களுக்கும் இஞ்சை இடம் இருக்கு, இருங்கோ."

வித்தியாதரிசி நிலத்தைப் பார்த்தார், தன் காற்சட்டையைப் பார்த்தார். இருக்கவில்லை. நின்றபடியே ஐந்தாம் வகுப்பைச் சோதித்தார், நாலாம் வகுப்பைச் சோதித்தார். வெக்கையில் கோட்டு நனைந்தது. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். அந்தக் காலைப்பொழுது முழுக்க நிலமும் ஆசனந்தான் என்று அவருக்கு ஒருவரும் சொல்லத் துணியவில்லை, மனேச்சர் உட்பட. கடைசியில் வாங்கெல்லாம் எங்கே என்று கேட்டார்.

"புகையிலைக் குடிலிலை ஐயா. புகை போடுபடுது" என்றீர்.

நான் தட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். வித்தியாதரிசி சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார். வாங்கு என்று எழுதினார், ஆசனம் என்று எழுதவில்லை. அந்தக் கிழமைக்குள் வாங்குகள் மண்டபத்துக்கு வராவிட்டால் பணம் இல்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதருக்கும் முழங்கால் வலித்ததால்தான் விளங்கியது என்று நீர் பிற்பாடு சொல்வீர். அது கொஞ்சம் அநியாயம். எல்லா முழங்காலுக்கும் விளங்கிவிடாது.

வாங்குகள் வந்தன. மண்டபம் முழுதும் பொச்சுப் புகை மணம். வந்த நாளில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்தும் இருக்காமல் கதவோரம் நின்றார்கள். நீர் முதல் வாங்கில் ஒரு தலைப்பில் போய் இருந்துகொண்டு, பக்கத்தில் தட்டிக் காட்டி வேலனைக் கூப்பிட்டீர். அவன் அசையவில்லை. குனிந்த தலையோடு சொன்னான்: "நான் இருந்தால் சட்டம்பியாருக்கு வேலை போகுமெண்டு அப்பு சொன்னவர்."

தட்டிக்கு அந்தப் பக்கம் என் வகுப்பும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"என்ரை வேலை போறது என்ரை பாடு. உன்ரை இடம் உன்ரை. இரடா" என்றீர்.

அவன் இருந்தான். வாங்கின் நுனியில், விழுந்துவிடுவான் போல. நீர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவனை நடுவுக்குத் தள்ளினீர். அவன் நடுவுக்கு வந்த பிறகுதான் பாடத்தைத் தொடங்கினீர்.

அந்த மாத முடிவில் உம்மை நிறுத்தினார்கள். மேலுத்தியோகத்தரை அவமதித்தது குற்றம் என்று மனேச்சர் எழுதித் தந்தார். அவமதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த வித்தியாதரிசி ஒரு சொல்லும் முறைப்பாடு சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து கொழும்புக்கு மனு எழுதினோம். ஆசிரியரை வைப்பதும் விலக்குவதும் மனேச்சருடைய அதிகாரம், அதில் தலையிட முடியாது என்று மறுமொழி வந்தது. வாங்கைப் பற்றிச் சட்டம் இருந்தது. வாங்கைப் போட்டவனைப் பற்றிச் சட்டம் இருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். அரசாங்கத்துக்குக் கை இல்லை நண்பரே. கடதாசி மட்டுந்தான் இருக்கிறது. கை உம்மைப் போன்றவர்களுடையது. அந்தக் கை முறிந்தால் பார்க்க ஆளில்லை.

வராமல் நின்ற பெரிய வீட்டுப் பிள்ளைகள் சில வாரங்களில் திரும்பி வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் அதே சுற்றுநிருபந்தானே, வேறு எங்கே போவது? வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வாங்குகளிலேயே இருந்தார்கள். ஒரு வருஷத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே மறந்துபோயிற்று. அதைப் பார்க்க நீர்தான் அங்கே இருக்கவில்லை.

நீர் மகன் பிறந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வல்வெட்டித்துறைக்கே போய்விட்டீர். வள்ளக்காரருக்கும் கடைக்காரருக்கும் மனு எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினீர். நான் வரும்போதெல்லாம் வாசலில் இரண்டு மூன்று பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். சீனி, அரிசிப் பங்கீடு என்று யுத்த காலத்தில் கடதாசி மலையாக வந்தபோது உமக்கு ஓய்வே இல்லை. ஒவ்வொரு கடதாசியிலும் எந்தச் சொல்லுக்குள்ளால் ஆட்கள் தப்பி ஓடப்போகிறார்கள் என்று விரலை வைத்துக் காட்டுவீர். ஒருதரம், இவ்வளவும் தெரிந்த உம்மைக் கொழும்பில் வைத்திருக்க வேண்டும் என்றேன். "எழுத அங்கை ஆக்கள் காணும். இருந்து காட்டத்தான் இஞ்சை ஆள் வேணும்" என்றுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்.

போன மாதம் நெருப்புக்காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. செய்தி வந்த அன்றே வந்தேன். முற்றத்துப் பந்தலில் வாங்குகள் போட்டிருந்தார்கள். சொந்தக்காரரும் கடைக்காரரும் இருந்தார்கள். மனேச்சரும் வந்திருந்தார், கிழண்டு, பொல்லு ஊன்றி. பழையவற்றை மறந்து வந்தாரோ, அல்லது நீர் போனதை உறுதிப்படுத்த வந்தாரோ தெரியாது. அவருக்கு இரண்டு பேர் தள்ளி நான் இருந்தேன். படலைக்கு வெளியே, வேலியோரம், ஒரு கூட்டம் நின்றது. அவர்கள் எங்கள் பள்ளிக்கூடம் இருந்த ஊரிலிருந்து வந்த பனை ஏறுகிறவர்களும் தோட்டக் கூலிகளும். செத்தவீட்டில் அவர்கள் நிற்பது அங்கேதான், வழக்கம் அப்படி.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. இப்போது லொறி ஓட்டுகிறான் என்று பிறகு அறிந்தேன். வேலன். உம்முடைய கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒருவரையும் கேட்காமல், ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் வந்து, எனக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தான். நுனியில் அல்ல, நன்றாகச் சாய்ந்து இருந்தான்.

மனேச்சர் பொல்லைத் தரையில் ஒருதரம் தட்டினார். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உவனை உதிலை ஆர் இருக்கச் சொன்னது?"

"கவுண்மேந்து" என்றேன்.

"கவுண்மேந்து செத்தவீட்டுக்கும் வந்திட்டுதோ?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அவர் சொன்னது சரிதான். எந்தச் சுற்றுநிருபமும் செத்தவீட்டு வாங்கைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்குக் கடதாசி ஒன்றும் கையில் இல்லை. ஆனால் நீர் அங்கே, ஐந்தாறு அடி தள்ளி, கிடந்தீர்.

"இல்லை. செத்தவர் சொன்னவர்" என்று உம்மைக் காட்டினேன்.

மனேச்சர் எழும்பிப் போனார். அவரோடு இன்னும் சிலர் எழும்பிப் போனார்கள். உம்முடைய மகன் படலைக்குப் போய், வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டான். வாங்குகளில் இடம் நிறைய இருந்தது. உம்மைத் தூக்கும்வரை நாங்கள் அவற்றில்தான் இருந்தோம்.