பன்றி வருஷத்துக்காரி வீட்டுக்கு ஒரு சாதுவான மலைப்பாம்பு

என் தங்கை மகளாக வந்து என் மகளாகவே வளர்ந்த யுன்-ஜூவுக்கு,

பிங்துங்கிலிருந்து மாமா எழுதுவது. எனக்கு இடது முழங்காலாலும் உன் அத்தைக்கு என்னாலும்தான் தொந்தரவு, மற்றபடி இங்கே இருவரும் சுகம், ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன், அதற்குள் பட்டறையில் மூன்று ஸ்கூட்டர்கள் வரிசையில் நின்றுவிட்டன. ஒன்பது வருஷமாக ஒரு வருஷப்பிறப்புக்கும் வராத பெண், நடுத்தர அளவில் நல்ல குணமுள்ள மலைப்பாம்பு ஒன்று நம் வீட்டில் இருக்க வேண்டும், அத்தை அதையும் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது, அப்படியானால் வருகிறேன் என்று எழுதுகிறாய். ஊரில் மற்றப் பிள்ளைகள் அன்னாசிக் கேக் கேட்கிறார்கள். புண்ணியத்துக்கு உயிர்களை விடுவிக்கிறோம் என்று கோயில்காரர்கள் மீனும் குருவியும் கொண்டுபோன வண்டியில் உன் பழைய பாம்பு சேம்பும் மலைக்குப் போனதை நீ மறக்கவில்லை, சரி. ஆனால் பாம்பு பொறுக்குவது என்ன கொய்யா பொறுக்குவதா.

காவ்ஷியுங்கில் பெரிய கடை என்றார்கள், போனோம். அங்கே இருந்தவன் குட்டையாய், தடியாய், மிளகாய் நிறத்தில் ஒன்றைக் காட்டினான். அது டயரில் காற்றுப் போவதுபோல் சீறியது. தைவான் முழுக்க என் கைக்கு அடங்காத எஞ்சின் இல்லை என்பது உனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் கையை விட்டேன். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் விடவில்லை. உன் அத்தையைக் கேட்டால் கண்மூடித் திறப்பதற்குள் விட்டுவிட்டது என்பாள், அவள் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவளுக்கு எப்படித் தெரியும். அடுத்த கடையில் ஒன்று அழகாகத்தான் இருந்தது, வளர்ந்தால் எவ்வளவு நீளம் போகும் என்று கேட்டதற்கு உங்கள் சோபா எவ்வளவு நீளம் என்று கேட்டான். வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாவதாக நம் ஊர் ரயிலடிப் பக்கம் ஓவ் அக்கா கடை. விஷயம் தெரிந்தவள்தான், ஆனால் என்னைப் பேச விடுவதில்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் வகை, ஐந்தடிக்கு மேல் போகாது, அதில் பாருங்கள் என்றாள். கையில் எடுத்தால் துணிபோல் தொங்கிய ஒன்றைக் கண்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, இதைவிடச் சாது உலகத்தில் இல்லை, இதையே கட்டிக் கொடு என்றேன். அவள், “அண்ணே, சாதுவா இருக்கிறது வேற, சாகக் கிடக்கிறது வேற. வாயோரம் நுரை தெரியுதா? அது விக்கிறதுக்கு இல்ல, வைத்தியத்துக்கு வந்திருக்கு” என்று கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கச் சொன்னாள். உன் அத்தை அன்றிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உடம்பு உருண்டையாக இருக்க வேண்டுமாம், மூக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம், கையில் எடுத்தால் நாக்கை நீட்டி நீட்டி மெல்ல ஊர்ந்து இடம் பார்க்க வேண்டுமாம், எல்லாவற்றுக்கும் மேலே நம் கண் முன்னால் தின்ன வேண்டுமாம். அப்படி ஒன்று இருந்தது. உறையவைத்து இளக்கிய எலியை வாங்கி மரியாதையாகத் தின்றது, என் மணிக்கட்டில் கடிகாரம்போல் சுற்றிக்கொண்டது. முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

அப்போதுதான் உன் அத்தை அது பொரிந்த தேதியைக் கேட்டாள். இந்த வருஷம் ஐந்தாம் மாதம். “நான் பன்றி வருஷத்துக்காரி. பாம்பும் பன்றியும் ஒரு கூரைக்குக் கீழ ஆகாதுங்க. இது பாம்பு வருஷத்துல பொறந்த பாம்பு, ரெட்டைப் பாம்பு” என்று நின்றுவிட்டாள். உன் மாமா ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன்தான், ஆனாலும் பாம்பு எந்த வருஷத்தில் பிறந்தாலும் பாம்புதானே என்று கேட்டேன். “ஆடு வருஷத்துல பொறந்த நீங்க ஆடா?” என்றாள். மூன்று வாரம், யுன்-ஜூ, மூன்று வாரம் அந்தக் கடைக்கு நடந்தோம், இவள் ஒவ்வொரு பெட்டியின் சீட்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். நேற்று ஒன்று கிடைத்தது. போன வருஷம் ஒன்பதாம் மாதம் பொரிந்தது, ஆகவே டிராகன் வருஷமாம், டிராகனோடு பன்றிக்குச் சண்டை இல்லையாம். அதுவும் நல்ல குணம்தான், ஐந்து வாரமாக ஒரு வேளை விடாமல் தின்றிருக்கிறது. ஓவ் அக்கா அத்தை கையில் வைத்தாள். அது சட்டைக் கைக்குள் நுழைந்து தோள்வரை போய்விட்டது. கரப்பானுக்கு நாற்காலிமேல் ஏறுகிறவள் அசையாமல் நின்றாள். “பாவம், குளிருதுபோல” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “இதையாவது யாரும் கொண்டுபோய் விட்டுடாம இருக்கணும்” என்றாள்.

யாரும் என்றது என்னை. சேம்பை அவள் விடவில்லை, நான்தான் விட்டேன். உனக்குக் கல்லூரிப் பரீட்சை வந்தது, எல்லாரும் பிள்ளைகள் பேரில் மீன் விட்டார்கள், நம் லியாவ் வீட்டுப் பெண்ணுக்கு மீன் போதுமா என்று ஊர் பார்க்கப் பெரிதாக ஒன்றை விட நினைத்தேன். மலையில் அதற்குச் சொர்க்கம் என்று நம்பினேன், விளக்குச் சூட்டில் வளர்ந்தது அங்கே பிழைக்காது என்று எனக்குத் தெரியாது. நீ வந்து அத்தையிடம் கத்தியபோது கோயில் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் ஸ்கூட்டர் சக்கரத்தைப் பார்த்தேன். நான்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்று ராத்திரி சொன்னாள், அதன்பிறகு கேட்கவே இல்லை. நீ எனக்கு மட்டும் போன் செய்வாய், அவள் கைவேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தப் பத்தியில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அத்தையையே கேட்டுக்கொள்.

உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும், மாஜூ அம்மன் கடல் தாண்டியும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். பாம்பு கூடத்தில் இருக்கிறது, வெப்பத் தகட்டை நானே பொருத்தினேன், பேர் நீ வந்து வைக்க வேண்டும் என்கிறாள். கோபத்தோடு வந்தாலும் வா, என்னோடு பேசாமலே இருந்துவிட்டுப் போனாலும் சரி. ஆனால் சாப்பிட வா என்று அத்தை கூப்பிடுவாள், அப்போது அவளை இரண்டாம் தடவை கூப்பிட வைக்காதே.

உன் மாமா
லியாவ் புன்-ஹாவ்