ஆமாம் போடுகிறவள்

22.7.2025

தேவயானிக்கு,

கோபமெல்லாம் இல்லை. அலுப்பு.

மூன்று வருடமாக இலக்கிய மன்ற விழாவுக்கு வில்லுப்பாட்டை எழுதுவது நான். வில்லின் முன் உட்கார்ந்து பாடுவது நீ. உனக்குக் குரல் இருக்கிறது, சரி. பக்கத்தில் குடம் தட்டி, நீ நிறுத்துகிற இடத்திலெல்லாம் ‘ஆமாம்’ போடுகிறேன். அதுவும் சரி.

இந்த வருடம் தண்ணீர் பற்றிய பாட்டு. நான் எழுதியது: ‘ஊர்த் தெருவுக்கு விடியத் தண்ணி, காலனிக்கு மிச்சத் தண்ணி.’ நேற்று ஒத்திகையில் நீ பாடியது: ‘ஊரும் காலனியும் ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே தண்ணி.’ அதற்கு நான் ஆமாம் போட வேண்டும்.

இன்று காலை எங்கள் தெருக் குழாயைத் திறந்தேன். “காத்துதான் வருது, அதையாவது புடிச்சிக்கினு வா,” என்றாள் அம்மா.

வரியைத் திருப்பி வை. போனில் அனுப்பினால் உன் அப்பாதான் முதலில் படிப்பார். அதனால் இதை உன் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைக்கிறேன்.

திலகா

23.7.2025

அன்புள்ள திலகா,

ஒரு வரி. அதற்காக நேற்று மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாய்.

மாற்றியது டீச்சர் இல்லை, நான்தான். அப்பா முன்வரிசையில் உட்காருவார். டேங்க் வால்வை எப்போது திறப்பது என்று சொல்கிறவர் அவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ எழுதியதை எப்படிப் பாடுவது? நீ குடத்தைப் பார்த்துக் குனிந்துகொள்ளலாம். வீட்டுக்குப் போய் அவரோடு சாப்பிடப்போவது நான்.

ஞானசுந்தரி டீச்சர் திட்டுகிறார்: “ஒங்க ரெண்டு பேரோட ஒரே பேஜாரு. உத்திரமேரூர்ல மைக்செட்டுக்கு சொல்லியாச்சு. இன்னாடி நெனச்சிக்கினு கீறீங்க?”

வா. ‘ஆமாம்’ ஒரு சொல்தானே.

உன் தேவயானி

24.7.2025

தேவயானி,

ஒரு சொல்தான். அதனால்தான்.

நாளை விழாவுக்கு வருகிறேன். குடம் தட்டுகிறேன். அந்த இடத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டேன். முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் கேட்காதே.

திலகா

27.7.2025

திலகா,

சும்மா சொல்கிறாய் என்று நினைத்தேன்.

‘ஒரே தண்ணி’ என்று நிறுத்தினேன். நீ குடத்தின் மேல் கையை வைத்தபடி இருந்தாய். மறுபடி பாடினேன். நீ என்னைப் பார்த்தாய். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. அப்போது பின்னால் உங்கள் தெருப் பெண்கள் கைதட்டினார்கள்.

நடுவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘அந்த மௌனம் அபாரம்’ என்றார். முதல் பரிசு, அடுத்து காஞ்சிபுரத்தில் மாவட்டப் போட்டி. இப்படி எரிச்சலோடு ஒரு கோப்பையை நான் வாங்கியதே இல்லை.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது, “காஞ்சிபுரம் போட்டிக்கு அந்தப் பொண்ணு வாணாம். வேற யாரையாவது வச்சிக்கினா போச்சு, இன்னா?” என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

ஏன் என்று கேட்காதே. அவர் நிறுத்தினார். நான் போட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. நீ அன்று எப்படிப் போடாமல் இருந்தாய் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

உன் இடத்தில் ஒன்பதாம் வகுப்பு அம்முலு. எழுதியது நீதான் என்று மேடையில் சொல்லச் சொல்லி டீச்சரிடம் கேட்கிறேன். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தேவயானி

29.7.2025

தேவயானிக்கு,

திட்ட ஒன்றும் வரவில்லை. பெஞ்சில் எனக்கு இடம் போட்டு வைக்க வேண்டாம். மேடையில் என் பெயரும் வேண்டாம், அந்த வரி என்னுடையது இல்லை.

அம்முலு மதியம் வந்தாள். “எங்கெங்க ஆமாம் போடணும்னே தெரியலக்கா, நீ சொல்லிக் குடேன்,” என்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழுப் பாட்டையும் குடம் தட்டிப் பாடிக் காட்டினேன். எல்லா இடத்தையும் சொல்லிக் கொடுத்தேன், அந்த ஓர் இடத்தைத் தவிர.

திலகா