நல்ல சேதி மட்டும்

செப்டம்பர் 29

காலையில் குபான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தான். அந்தச் சத்தத்துக்கே அழுதுவிட்டேன். "இப்படியே போனா நீ தாங்க மாட்டே மீரிம்" என்றான். என் கணவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவனே சொல்கிறான் என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வருடக்கணக்காகத் தினமும் போனில் நான் நடத்தும் சேனலில் ஒரு பதிவு. எவளுடைய மாமியார் அடித்தாள், எவளுடைய மகன் மாஸ்கோவில் காணாமல் போனான் என்று பெண்கள் எழுதி அனுப்புவார்கள். நான் பேரை மாற்றிக் கதையாக்கிப் போடுவேன். படிப்பவர்கள் அழுது தீர்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். தூக்கம் போனது எனக்குத்தான்.

செப்டம்பர் 30

டாக்டரம்மாவைப் பார்த்தேன். "உங்களுக்குத் தோலே இல்லம்மா. எல்லாம் நேரா உள்ள போயிடுது. குறைச்சுக்குங்க. யாராவது முகம் சுளிச்சா ஏன்னு தேடாதீங்க. நீங்க பாக்கறதுல பாதி அங்க இல்லாதது."

சரி, குறைக்கிறேன். வாரம் ஒரு பதிவு. கடிதங்கள் படிப்பதில்லை. போன் தமிரா அண்ணியிடம் இருக்கும். குபானின் அக்கா அவள், கீழ்த்தளத்தில்தான் வீடு. குடும்பம் முழுவதுக்கும் ஒரே கட்டளை: என்னிடம் நல்ல சேதி மட்டும் சொல்ல வேண்டும்.

போனைக் கொடுக்கும் முன் சமத்தோடு பேசினேன். தம்பி ரஷ்யாவில், யெகாதெரின்பர்க்கில் கட்டட வேலைக்குப் போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. கொஞ்ச நாளாக இருமல்.

"ஒரு மாசம் போன்ல வரமாட்டேன்டா."

"நிம்மதியா இரு அக்கா. எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்."

அவன் மனைவி நூரிலா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். "நீ சும்மா இரு" என்று அடக்கினான். என்ன சொன்னாள்? — இதோ, இதைத்தான் தேடக் கூடாதாம்.

அக்டோபர் 4

தூங்கினேன். விடியும்வரை தூங்கினேன்.

அக்டோபர் 9

வாரப் பதிவு வால்நட் உடைப்பதைப் பற்றி. யாரும் சாகவில்லை, யாரும் அடிபடவில்லை. நான் தாளில் எழுதிக் கொடுத்ததைத் தமிரா அண்ணி ஏற்றிவிட்டு, வந்த பதில்களில் நல்லதை மட்டும் வாசித்துக் காட்டினாள். மற்றவற்றை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"என்ன அண்ணி?"

"கண்ணாடிய மறந்துட்டேன், எழுத்து தெரியல."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அக்டோபர் 13

சமத் எப்படி இருக்கிறான் என்று அண்ணியிடம் கேட்டேன். "நல்லா இருக்கானாம். உனக்கு சலாம் சொன்னான்." நல்ல சேதிதான். அதை ஏன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்?

மீரிம், நிறுத்து. நீ பார்ப்பதில் பாதி அங்கே இல்லாதது.

அக்டோபர் 15

குபான் வேலைக்குப் போகவில்லை. பல்வலியாம். சாப்பாட்டுக்குக் காய்ந்த ரொட்டியைக் கடித்துத் தின்றான்.

அக்டோபர் 16

கீழ்வீட்டில் காலையிலிருந்து போர்சோக் பொரிக்கிறார்கள், கூட்டம் கூடினால் பொரிக்கும் மாவுத்துண்டு. எண்ணெய் வாசம் படியேறி வந்தது. இறங்கிப் போனேன். சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் மாவு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், வானிலையைப் பற்றி.

"யாருக்கு இவ்வளவு?"

"சும்மாதான், சாப்பிட ஆசையா இருந்துச்சு" என்றாள் அண்ணி.

ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்கு அவள் பேர்கூட நினைவில்லை. ஓய்வில் இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த அன்பெல்லாம். வேறொன்றுமில்லை.

அக்டோபர் 17

ஊரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். நாளை கோச்கோர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறான் குபான். என் பையை அண்ணியே அடுக்கினாள். அடியில் கறுப்புத் தலைத்துணி இருந்தது. அது என்னுடையது இல்லை.

போன வருடம் குபானின் சித்தப்பா மகனை ஓஷிலிருந்து இப்படித்தான் அழைத்து வந்தோம். வீட்டில் அவன் அம்மா இறந்து கிடந்தாள். கல்யாணப் பேச்சு என்று சொல்லிக் காரில் ஏற்றினோம், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் முலாம்பழத்தைப் பற்றிப் பேசினேன். நாங்கள் சாவைப் போனில் சொல்ல மாட்டோம். தனியாக இருப்பவரிடமும் சொல்ல மாட்டோம். சொந்தபந்தம் கூடி, விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆள் நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர்தான் சொல்வார்.

பெரியப்பாதான் போயிருப்பார். வயசாச்சு இல்லையா, எண்பதைத் தாண்டிட்டார். பெரியப்பாவாத்தான் இருக்கணும்.

பெரியப்பா, என்னை மன்னிச்சிடுங்க. நீங்களாவே இருங்க.

அக்டோபர் 18

கணவாயில் தேநீர்க் கடை. குபான் சக்கரத்துக்குக் காற்றடிக்கிறான். சக்கரத்தில் காற்று குறையவில்லை.

தமிரா அண்ணி வழியெல்லாம் தக்காளி ஊறுகாய் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். நானும் உப்பு எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். கேட்டால் இவர்களால் மறைக்க முடியாது, இரண்டு பேருமே பொய்க்குப் பழகாதவர்கள். ஆனால் கேட்காதவரைக்கும் —

கூப்பிடுகிறார்கள்.

அக்டோபர் 22

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

பெரியப்பா வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தது. அதன் வெளியே ஆண்கள் இடுப்பில் துணி கட்டிக் கோலூன்றி நின்று, குரலெடுத்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் பெரியப்பா நின்றார். அவரை உயிரோடு பார்த்ததும் காருக்கே திரும்பி நடந்தேன். "நம்ம சமத் போயிட்டான்மா" என்று அவர் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நுரையீரல். ஆஸ்பத்திரியில் சேர்த்ததே அக்டோபர் தொடக்கத்தில். பன்னிரண்டாம் தேதி போய்விட்டான். பதிமூன்றாம் தேதி எனக்கு சலாம் சொன்னானாம். விமானத்தில் பெட்டி வந்து சேரும்வரை என்னிடம் எல்லோரும் வானிலை பேசினார்கள்.

கூடாரத்துக்குள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டியவள் நான், கூடப் பிறந்தவள். "எழுதறவளாச்சே, இவ சொன்னா கல்லும் கரையும்" என்று ஒரு கிழவி பின்னால் சொன்னது காதில் விழுந்தது. ஊரார் துக்கத்துக்கெல்லாம் வார்த்தை கிடைத்த எனக்கு என் தம்பிக்கு ஒரு வரி வரவில்லை. நூரிலாதான் சொன்னாள். தொண்டை கட்டும்வரை அவள் ஒருத்தியே சொன்னாள்.

குபானைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அவன்தான் கெஞ்சினான் மீரிம். அக்காகிட்ட சொல்லாதீங்க, பாவம் அவ இப்பதான் தூங்கறான்னு." யாரைத் திட்டுவது? கேட்டது நான். சொன்னபடி செய்தார்கள். நான் நன்றாகத் தூங்கினேன் என்பதும் உண்மை.

அக்டோபர் 25

அண்ணி போனைத் திருப்பிக் கொடுத்தாள். சேதி எப்படியோ சேனலுக்குப் போயிருக்கிறது. படிக்கப் படிக்க இரங்கல் வந்துகொண்டே இருக்கிறது. "ரெண்டு வரி போட்டுடேன், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள். போடவில்லை. இதை எழுத மாட்டேன். இனி எதை எழுதுவேன் என்றும் தெரியவில்லை.

பிற்பகலில் எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்தார்கள். நூரிலா உள்ளே வந்து நின்றாள். முகம் சாம்பலாக இருந்தது.

"கடைசி ரெண்டு நாள் உங்களத்தான் கூப்பிட்டாரு அண்ணி. போன எடுத்து வச்சுக்கிட்டு… அப்புறம் என்ன சொன்னாருன்னா —" நிறுத்திக்கொண்டாள். "வேணாம். உங்களுக்குத் தாங்காது."

"தாங்காதுதான். சொல்லு."

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்தாள்.