வாய் மட்டும் வரவில்லை

எம்மன்புரூக்கே, சுவிஸ்
14.11.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இவர் இரவு வேலைக்குப் போன பிறகுதான் பேனை பிடிக்க நேரம் கிடைக்கிறது. உங்கள் முழங்கால் நோ எப்படி? என் மைதிலிக்கு இருமல் விட்டதோ? நாங்கள் சுகம்.

நான் துப்புரவு செய்யும் நூதனசாலைக்கு இங்கிலாந்திலிருந்து ஐந்நூறு வருஷத்துப் பழைய ஓவியங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் மாதா குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். மடு மாதா கோவிலில் நிற்பதுபோல, என்னையறியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். இத்தாலிக்காரக் காவலாளி சிரித்துவிட்டார்.

"பிள்ளை, இது கோவிலில்லை. கால் விறைக்கப்போகுது, போடும்."

பிறகு அவரே அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார்.

"படம் இங்கிலாந்திலை கீறினது. கீறினவன் பெல்ஜியப் பக்கத்திலையிருந்து அங்கை பிழைக்கப் போனவனாம். அந்த முகத்தைப் பாரும், தன்ரை ஊர்ப் பொம்பிளையின்ரை முகம்."

அவனுக்கு நினைவிலிருந்தே கீற முடிந்திருக்கிறது. நேற்று நானும் வேலைத்தாளின் பின்பக்கத்தில் மைதிலியைக் கீறிப் பார்த்தேன். கண் வந்தது, வாய் வரவில்லை. நான் விட்டுவந்தது இரண்டு வயதுப் பிள்ளையை. இப்போது அவளுக்கு நாலு.

தங்கச்சியை அவள் அம்மா என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். திருத்த வேண்டாம், அழுவாள்.

அவள் சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்புங்கள். அவளின் பாதத்தைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறியும் அனுப்புங்கள், சப்பாத்து வாங்க அளவு தெரியவில்லை.

விடியப்போகிறது; வேலை முடிந்து வரும் இவருடைய சத்தம் படியில் கேட்கிறது. கெதியாய்ப் பதில் போடுங்கோ அம்மா.

மகள்
சிவகௌரி